அம்மாவா நடிச்சவங்களுக்கும் ஒரு பேரு இருக்கு

ஆசிரியருக்கு வணக்கம்,

உங்க சினிமா பக்கத்துல கொரியன் சீரிஸ் பத்தி எது வந்தாலும் விடாம படிக்கிறவ நான். 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்' பத்தி வந்த கட்டுரையும் படிச்சேன், நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஐயூ பேரு இருந்துச்சு, பார்க் போ-கம் பேரு இருந்துச்சு, டைரக்டர் ரைட்டர் பேரெல்லாம் இருந்துச்சு, ஆனா முதல் எபிசோடுலயே நம்ம நெஞ்சப் பிசைஞ்சுட்டுப் போற அந்த அம்மாவப் பத்தி மட்டும் கதாநாயகியின் தாயாக நடித்தவரும் மனதில் நிற்கிறார்னு ஒரே ஒரு வரி. நடித்தவர்னா யாரு? மனசுல நிக்கிறவங்களுக்குப் பேரு கிடையாதா? கோவத்துல எழுதல, வருத்தமா இருந்துச்சு, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன். இடம் பத்தலன்னா சுருக்கிக்கோங்க, பேர மட்டும் எடுத்துடாதீங்க.

அவங்க பேரு யோம் ஹே-ரான். 1976-ல பொறந்தவங்க, தென் கொரியாவோட தெக்கு ஓரத்துல கடலப் பாத்தாப்ல இருக்கிற யோசுங்கிற ஊர்க்காரங்க. சியோல்ல ஒரு பெண்கள் யுனிவர்சிட்டில கொரிய இலக்கியம் படிச்சுட்டு, 2000 வாக்குல யோன்வூ நாடகக் குழுவுல சேர்ந்து மேடை ஏறுனவங்க. சினிமாவுல மொதல்ல தலையக் காட்டுனது 2003-ல வந்த டைரக்டர் போங் ஜூன்-ஹோவோட 'மெமரீஸ் ஆஃப் மர்டர்'ல, அதுவும் கண்ணச் சிமிட்டுனா போயிடுற அளவுக்குச் சின்ன ரோல். அதுக்கப்புறம் ஜனங்க இவங்க மொகத்த அடையாளம் கண்டுக்க 2016 ஆயிடுச்சு, அப்ப அவங்களுக்கு வயசு நாப்பது. நடுவுல இருந்த வருஷமெல்லாம் பெரும்பாலும் நாடகந்தான். இத நான் ஏன் சொல்றேன்னா, இவங்க நடிப்புல ஒரு சின்ன ரோலக்கூட அவசரமா முடிச்சுட்டுப் போற பழக்கம் இருக்காது, ரெண்டு நிமிஷ சீனா இருந்தாலும் அந்தப் பொம்பளைக்கு முன்னாடி ஒரு வாழ்க்கை இருந்துச்சு, இந்த சீன் முடிஞ்சப்புறமும் இருக்கும்னு நமக்குத் தோணும், அது மேடைல வருஷக்கணக்கா நின்னவங்களுக்கு வர்ற ஒண்ணுன்னு நான் நம்புறேன்.

2015-ல 'குட் நைட் அம்மா'ன்னு அர்த்தம் வர்ற ஒரு நாடகத்துல கொரியாவோட பெரிய நடிகை நா மூன்-ஹீக்கு மகளா நடிச்சாங்க. அடுத்த வருஷமே 'டியர் மை ஃப்ரெண்ட்ஸ்' சீரியல்ல மறுபடியும் அதே நா மூன்-ஹீக்கு மகள், சூன்-யங்ங்கிற கேரக்டர், படிச்ச உத்தியோகத்துல இருக்கிற புருஷன்கிட்ட அடி வாங்கிட்டு அத அம்மா அப்பாவுக்குத் தெரியாம மறைச்சு மறைச்சு வாழுற பொண்ணு. அந்த சீரியல் முழுக்க முழுக்க வயசானவங்களோட கதை, அதுல இவங்களுக்கு ரொம்ப நேரமெல்லாம் கிடையாது, ஆனா அந்தக் குனிஞ்ச தோளும், வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லாத அந்த மொகமும் நீங்க ஒருவாட்டி பாத்தா மறக்க மாட்டீங்க.

இத அப்படியே ஞாபகத்துல வெச்சுக்கிட்டு 2022 டிசம்பர் கடைசில வந்த 'த குளோரி'ய பாருங்க. அதுலயும் இவங்க அடி வாங்குற பொண்டாட்டிதான், காங் ஹ்யோன்-நம், வீட்டு வேலை செய்றவங்க. ஒரே மாதிரி ரோல்னு யாரு வேணா சொல்லிடலாம், ஆனா ரெண்டு பேரும் ஒருத்தர்கூட ஒருத்தர் ஒட்டவே மாட்டாங்க. சூன்-யங் உள்ளுக்குள்ள சுருங்கிப் போனவ, ஹ்யோன்-நம் அப்படியில்ல, நான் அடி வாங்குறவதான் ஆனா கலகலப்பான ஆளுன்னு அவங்களே சொல்லிக்குவாங்க. பழி வாங்கக் காத்திருக்கிற கதாநாயகி மூன் டாங்-ஈன்கிட்ட வந்து, உனக்கு நான் உதவுறேன், பதிலுக்கு என் புருஷனக் கொன்னுடுன்னு கேக்குறவங்க, அந்த வேலைக்காக கேமரா புடிக்கக் கத்துக்கிட்டு, கார் ஓட்டக் கத்துக்கிட்டு, ஒவ்வொண்ணையும் கத்துக்கிறப்ப மொகத்துல சின்னப் புள்ள மாதிரி ஒரு வெளிச்சம் வரும் பாருங்க, அங்கதான் நான் உடைஞ்சேன். அவங்க அழுதப்ப இல்ல, சிரிச்சப்ப. கொலை பேசுற எடத்துல உக்காந்துக்கிட்டு ஒரு பொம்பள வாழ்க்கைலயே மொதத் தடவையா சந்தோஷமா இருக்கான்னு நமக்குப் புரியுற மாதிரி சிரிக்கிறது எவ்ளோ கஷ்டம்னு நடிக்கிறவங்களுக்குத்தான் தெரியும். பெத்த பொண்ணு தன்ன விட்டுத் தூர நாட்டுல இருந்தாலும் பரவால்ல, அப்பன் கைக்கு எட்டாம இருந்தாப் போதும்னு அனுப்பி வெக்கிறப்பவும் அதே சிரிப்புதான், ஆனா அதுக்குள்ள வேற என்னவோ இருக்கும்.

இந்த சீரிஸ்ல இன்னொண்ண கவனிச்சேன். டாங்-ஈன் அவங்கள இமோ-நிம்னு கூப்புடுவா. இமோன்னா கொரியால அம்மாவோட கூடப்பொறந்தவ, சித்தி பெரியம்மா மாதிரி, ஆனா வீட்டு வேலை செய்றவங்களையும் ஹோட்டல்ல சாப்பாடு வெக்கிறவங்களையும் எல்லாரும் அப்படித்தான் கூப்புடுறாங்க. இவங்க திரும்ப அந்தப் பொண்ணக் கூப்புடுறது சாமோ-நிம், அதாவது மேடம். கொரியால ஒரு வயசுக்கு மேல பொம்பளைங்கள பேரு சொல்லிக் கூப்புடுற ஆளு ரொம்ப இருக்க மாட்டாங்க, இன்னாரோட அம்மா, இல்லன்னா நம்ம ஆன்ட்டி மாதிரி ஆஜும்மா, அதுவும் இல்லன்னா கட்டிக்கிட்டு வர்றதுக்கு முன்னாடி எந்த ஊரோ அந்த ஊர் பேரு. 2017-ல வந்த 'ஐ கேன் ஸ்பீக்' படத்துல யோம் ஹே-ரானோட கேரக்டர் பேரே ஜின்ஜு-டேக், ஜின்ஜு ஊர்லேர்ந்து வாழ வந்தவன்னு அர்த்தம், அவ்ளோதான், சொந்தப் பேரு என்னன்னு நமக்கே தெரியாது.

அந்தப் படத்தப் பத்தியும் சொல்லியாகணும். மார்க்கெட்ல கடை வெச்சிருக்கிற ஓக்-பூன்ங்கிற பாட்டிதான் நா மூன்-ஹீ. சின்ன வயசுல ஜப்பான் ராணுவம் பிடிச்சுட்டுப் போய் சீரழிச்ச பொண்ணுங்கள்ல ஒருத்தங்க அவங்க, அம்பது அறுபது வருஷமா யார்கிட்டயும் சொல்லாம உள்ளயே வெச்சுக்கிட்டு, கடைசில அமெரிக்க நாடாளுமன்றத்துல போய் சாட்சி சொல்றதுதான் படம். உண்மை ஊருக்குத் தெரிஞ்சப்புறம் பக்கத்துக் கடை ஜின்ஜு-டேக் பாட்டிகிட்ட பேசாம ஒதுங்கிப் போவாங்க. பாட்டி தாங்க முடியாம போய் கேப்பாங்க, என்ன மாதிரி ஒருத்திகூட பழகுறது உனக்கு அசிங்கமா இருக்கான்னு. அப்ப இவங்க வெடிச்சு அழுவாங்க பாருங்க, அசிங்கம் இல்ல, இத்தன வருஷம் பக்கத்துலயே இருந்தும் என்கிட்டகூட சொல்லாம தனியா சுமந்தீங்களே அதுதான் வலிக்குதுன்னு. படத்துல அமெரிக்க சபையில நடக்குற சீன்தான் பெருசு, பேசப்பட்டதும் அதுதான். என்னக் கேட்டா படத்தோட உசுரு இந்த மார்க்கெட் சீன்தான். நா மூன்-ஹீ மாதிரி ஒரு மலைக்கு எதிர்ல நின்னு அழணும், அவங்கள மறைக்கவும் கூடாது, தானும் காணாமப் போயிடக் கூடாது, அந்த அளவு இவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

அழுகை மட்டுந்தான் வரும்னு நெனச்சுடாதீங்க. 2016 கடைசில ஆரம்பிச்ச 'காப்ளின்'ல ஹீரோயினோட சித்தி இவங்கதான், செத்துப்போன அக்காவோட இன்சூரன்ஸ் பணத்துக்காக அந்தப் பொண்ணப் போட்டு வதைக்கிற ராட்சசி, அத பாத்து நான் திட்டாத திட்டு இல்ல. பின்னாடிதான் தெரிஞ்சுது, 'காப்ளின்' எழுதுன கிம் ஈன்-சூக்தான் 'த குளோரி'யும் எழுதுனவங்க. கொடுமைப்படுத்துறவளா நடிக்க வெச்ச அதே ரைட்டர் ஆறு வருஷம் கழிச்சு கொடுமைய அனுபவிக்கிறவளாவும் இவங்களையே நம்பியிருக்காங்க.

அதே மாதிரிதான் லிம் சாங்-சூன்ங்கிற ரைட்டரும். 2019-ல அவங்க எழுதுன 'வென் த கமீலியா புளூம்ஸ்'ல யோம் ஹே-ரான் ஹோங் ஜா-யங், அந்தச் சின்ன ஊர்ல எல்லாரையும்விட படிச்ச வக்கீல். பெருமை பேசிக்கிட்டுத் திரியுற, புத்தி கொஞ்சம் கம்மியான ஒரு புருஷன், அவனா நடிச்சது ஓ ஜோங்-சே. இதுல அவங்க கத்த மாட்டாங்க, அழ மாட்டாங்க, டிரஸ் மடிப்புக் கலையாம நின்னு ஒரு பார்வை பாப்பாங்க, புருஷன் பொய் சொன்னது அவனுக்கே மறந்திருக்கும், இவங்க கண்ணுல அது அப்படியே இருக்கும். டைவர்ஸ் வரைக்கும் போயிட்டு, அவன் மேல கொலை சந்தேகம் விழுந்தப்ப அவனுக்கு வக்கீலா வந்து நிக்கிறதும் இவங்கதான். நாப்பது தாண்டுன இவங்கள கொரியா மொதத் தடவையா ஸ்டைலானவங்கன்னு பேசுனது இந்த ரோலுக்கப்புறந்தான்னு எனக்குத் தோணுது. அடுத்த வருஷம் 'த அன்கேனி கவுன்டர்'ல நூடுல்ஸ் கடைல சமையல் பண்ற, காயத்த தொட்டு ஆத்துற சக்தி இருக்கிற சூ மே-ஓக், செவப்பு ட்ராக் சூட் போட்டுக்கிட்டு பேய் புடிக்க ஓடுவாங்க. அதுக்கு 2021-ல கொரியாவோட பெரிய விருதுகள்ல ஒண்ணான பெக்சாங் அவார்டு, டிவி பிரிவுல சிறந்த துணை நடிகை. சினிமா பக்கம் 'பிளாக் லைட்'னு ஒரு சின்ன படம், ஒரு கார் ஆக்ஸிடென்ட்ல கோமாவுல கெடக்குறவனோட பொண்டாட்டி, அதுக்கு ஜோன்ஜு திரைப்பட விழால நடிப்புக்கான விருது. 2024 ஜனவரில வந்த 'சிட்டிசன் ஆஃப் எ கைண்ட்'ல நடிகை ரா மி-ரான்கூட சேர்ந்து போன் மோசடிக் கும்பலத் தேடி சீனாவுக்குக் கிளம்புற தோழி. இதெல்லாம் வேகமா சொல்லிட்டுப் போறேன், ஒவ்வொண்ணுக்கும் நின்னா இந்த லெட்டர் முடியாது.

'மாஸ்க் கேர்ள்'ல மட்டும் கொஞ்சம் நிக்கணும். 2023 ஆகஸ்ட்ல வந்துச்சு. அதுல ஹீரோயின் கிம் மோ-மியா மூணு நடிகைங்க நடிச்சாங்க, லீ ஹான்-பியோல், நானா, கோ ஹ்யோன்-ஜோங், வயசுக்கும் மொகத்துக்கும் ஏத்தாப்ல ஆளு மாறும். அதப் பத்தி எல்லாரும் எழுதுனாங்க. ஆனா அவள வருஷக்கணக்கா தொரத்துற கிம் க்யோங்-ஜா, அவ கொன்னவனோட அம்மா, அவங்க எளமைலேர்ந்து நரைச்சு கூன் விழுற வரைக்கும் ஒரே ஆளுதான், யோம் ஹே-ரான். தனியா நின்னு மகன வளத்தவ, சர்ச்சுக்குப் போறவ, மகன் எப்படிப்பட்டவன்னு பாக்க மறுக்குறவ, சாமிகிட்ட வேண்டிக்கிட்டே துப்பாக்கியத் தூக்குறவ. அதுல அவங்க பேசுறது ஜொல்லா பக்கத்துப் பேச்சு, அவங்க சொந்த ஊர்ப் பக்கத்து பாஷை, கொரியன் தெரியாத எனக்கே அந்த இழுப்பும் சூடும் காதுல விழுந்துச்சு. வயசானப்புறம் ஒரு ஸ்கூல் பக்கத்துல தொக்போக்கி, அதாவது காரமான அரிசிக் கொழுக்கட்டை மாதிரி பலகாரம், விக்கிற கடை போட்டு உக்காந்து அந்த ஹீரோயினோட மகள்கிட்ட பாசமா பழகுவாங்க பாருங்க, பழிக்காகத்தான் அந்தப் பாசம், ஆனா அந்தப் பாசத்துல கொஞ்சம் உண்மையும் கலந்துடுச்சோன்னு நமக்கு சந்தேகம் வரும், அவங்களுக்கே வருதோன்னும் சந்தேகம் வரும். அத வசனமா யாரும் சொல்லல. கண்ணுலயே இருக்கு. 2024-ல மறுபடியும் பெக்சாங்.

இப்ப உங்க கட்டுரைக்கு வர்றேன். 2025 மார்ச்ல வந்த அந்த சீரிஸ்ல அவங்க கேரக்டருக்கு முழுப் பேரு இருக்கு, ஜோன் குவாங்-ரே. ஜெஜு தீவுல ஒரு ஹேன்யோ, அதாவது ஆக்ஸிஜன் டேங்க் எதுவும் இல்லாம மூச்சப் புடிச்சுக்கிட்டு கடலுக்கு அடில போய் அபலோன்ங்கிற சிப்பி வகைய எடுத்துட்டு வர்ற பொம்பளைங்க, இவங்க வாழ்முறைய யுனெஸ்கோ 2016-ல பாரம்பரியப் பட்டியல்ல சேத்துச்சு. குவாங்-ரே சாகும்போது அவங்களுக்கு வயசு 29. இந்த எடத்துல கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க சார், நடிச்சவங்களுக்கு நாப்பத்தெட்டு. மேக்கப்ல எளமையா காட்ட மெனக்கெடவே இல்ல, அந்த மொகத்துல உப்பும் வெயிலும்தான் இருக்கு, ஆனா பாக்குறப்ப தப்பா ஒண்ணும் தெரியல, கடல் அந்தப் பொண்ண இருவத்தொம்பது வயசுலயே இப்படி ஆக்கிடுச்சுன்னுதான் நமக்குத் தோணுது. வயசு தெரிஞ்ச நிமிஷம் என் அம்மா, பக்கத்துல உக்காந்து பாத்துட்டு இருந்தவங்க, அப்படியே எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க, கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் வந்தாங்க.

புருஷன் செத்துட்டான், பொண்ணு ஏ-சூன் அப்பா வழி சொந்தத்துல வளருறா. அங்க எல்லார் தட்டுலயும் மீன் இருக்கு, அந்தப் புள்ள தட்டுல மட்டும் இல்லன்னு தெரிஞ்சதும் குவாங்-ரே போய் புள்ளயக் கூட்டிட்டு வர்ற சீன் ஒண்ணு இருக்கு, அதுல அவங்க நடக்குற நடைய பாருங்க. கடல்ல மூச்சு முட்ட வேலை பாத்த ஒடம்பு கரைல நடக்குற நடை அது. அப்புறம் அந்தக் கவிதை. அம்மா கடல விட்டு சீக்கிரம் வெளில வரணும், நூறு ஹ்வான், அதாவது அந்தக் காலத்து கொரியன் காசு, குடுத்து அம்மாவோட ஒரு நாள நானே வாங்கிக்கணும்னு பத்து வயசுப் பொண்ணு எழுதி வெச்சிருப்பா. அத படிக்கிறப்ப யோம் ஹே-ரான் பெருசா ஒண்ணுமே பண்ணல. ஆனா அந்தக் காகிதத்தப் பாக்குற பார்வைல பெருமை, குத்த உணர்ச்சி, நமக்கு நாள் ரொம்ப இல்லைங்கிற பயம், மூணும் ஒண்ணா வந்துட்டுப் போகும். பதினாறு எபிசோடு சீரிஸ், இவங்க செத்துப்போறது மொத எபிசோடுல. அதுக்கப்புறம் ஏ-சூன் எடுக்குற ஒவ்வொரு முடிவுலயும் இந்த அம்மா இருக்காங்க, எளவயசு ஏ-சூனா வர்ற ஐயூ அழுதாலும் வயசான ஏ-சூனா வர்ற மூன் சோ-ரி அழுதாலும் நமக்கு ஞாபகம் வர்றது இவங்க மொகந்தான். கடைசில, ஏ-சூன் எழுதுன கவிதைங்கள படிச்சுட்டு கண் கலங்குற ஒரு பதிப்பகத்துக்காரங்களா அதே யோம் ஹே-ரான் திரும்ப வருவாங்க, வேற ஆளா, நல்ல டிரஸ் போட்டு, படிச்ச பொம்பளையா. அந்தப் பொறவில வாழ முடியாதத இன்னொரு பொறவில அந்த அம்மா வாழ்றாங்களோன்னு ஒரு நிமிஷம் நெனைக்க வெச்சுட்டாங்க. 2025 மே மாசம் இந்த ரோலுக்கு மூணாவது பெக்சாங். ரெண்டு வருஷம் தொடர்ந்து.

அதே வருஷம் டைரக்டர் பார்க் சான்-வூக்கோட 'நோ அதர் சாய்ஸ்' வெனிஸ் விழால ஓடுச்சு. அதுல இவங்க ஆ-ரா, வேலை போய் குடிச்சுக்கிட்டு இசைத்தட்டு கேட்டுட்டு கெடக்குறவனோட பொண்டாட்டி. ஆடிஷனுக்கு ஆடிஷன் போய் தோத்தாலும் தன் மேல இருக்கிற நம்பிக்கைய விடாத நடிகை. பாட்டு காதப் பொளக்குற சத்தத்துல ஓட, லீ பியோங்-ஹன், லீ சுங்-மின், இவங்க மூணு பேரும் ஒரு துப்பாக்கிக்காக கட்டிப் புரளுற சீன் ஒண்ணு, சிரிக்கிறதா பயப்படுறதான்னே தெரியாது. ஜோன் குவாங்-ரேயும் இவங்கதான்னு யாராவது சொன்னாத்தான் நம்பணும்.

அதனால என் வேண்டுகோள் ஒண்ணுதான். சீரிஸ் பத்தி எழுதுறவங்க கிரெடிட்ஸ ஒருவாட்டி கடைசி வரைக்கும் ஓட விட்டுப் பாக்கட்டும். அம்மாவாக, சித்தியாக, வேலைக்காரியாக நடித்தவர்னு போடுற எடத்துல பேரையும் போடுங்க. கொரியால குடும்பப் பேருதான் முன்னாடி வரும், யோம்ங்கிறது குடும்பப் பேரு, ஹே-ரான்ங்கிறது அவங்க பேரு, அதனால திருப்பிப் போட்டுடாதீங்க. இதே பத்திரிகைல அடுத்து இவங்களப் பத்தி எழுத உங்களுக்கு ஒரு காரணமும் இருக்கு, டைரக்டர் ஜோங் ஜி-யங்கோட படத்துல இவங்கதான் கதாநாயகி, துணை ரோல் இல்ல. 1948 ஏப்ரல் 3-ல ஜெஜுல கலகம் ஆரம்பிச்சு, அரசாங்கம் அத அடக்குனதுல பல்லாயிரக்கணக்கான ஜனங்க செத்துப்போன அந்தக் கொடுமையோட கதை அது, பல வருஷம் அந்தத் தீவுல அத வாய் விட்டுப் பேசவே முடியல, 2003-லதான் ஒரு ஜனாதிபதி மன்னிப்புக் கேட்டாரு. அந்தப் படத்தோட கொரியன் தலைப்ப தமிழ்ல சொன்னா, 'என் பேரு'.

இப்படிக்கு,
உங்க வாசகி